மாடியில் பன்னிரண்டு தேயிலைப் பெட்டிகள்

அந்தக் கோடையில் என் அக்காவுக்கு எட்டுப் பெண் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். ஏழு போதாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்று எட்டுப் பேர் பதிவேட்டில் இருந்தால் ஆறாம் வகுப்பு நடத்தலாம், இல்லையென்றால் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டியது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்த வருடம் ஐந்தாம் வகுப்பை முடித்தவர்களும் சரியாக எட்டுப் பேர்தான். ஒருத்தி குறைந்தாலும் மற்ற ஏழு பேரும் அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

அக்கா தென்காசியில் ஒரு சிறிய பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. பள்ளிக்கூடம் ஒரு மெத்தை வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்தது. மாடியில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். எனக்கு இருபத்துநாலு வயது. ஒரு தினசரிப் பத்திரிகையின் வட்டார நிருபர். அக்காவுக்கு முப்பத்திரண்டு. பத்தொன்பது வயதில் கணவரை இழந்து, அதன் பிறகு படித்து ஆசிரியை ஆனவள். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு.

பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லாரையும் அவள் பார்த்துப் பேசியிருந்தாள். அரிசிக்கடைக்காரர், ஜவுளிக்கடை முஸ்லிம் வியாபாரி, தபால்காரர், இன்னும் சிலர். எல்லாரும் மரியாதையாக ஒரே பதிலைச் சொன்னார்கள்: “வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்.” அக்காவுக்கு அது புரிந்தது. முடிவு தாய்மார் கையில் இருந்தது. அந்தத் தாய்மாரை அவள் எங்கே பார்ப்பது? காலை நேரத்தில் அவள் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் உள்ளே இருப்பவர்கள் முகம் மாறும். பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று அறிவித்தால் ஆண்கள்தான் வருவார்கள். விசேஷம் என்று அழைக்க எங்கள் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை, வருவதாகவும் இல்லை.

மாசிக் கடைசியில் ஒருநாள் நாங்கள் குற்றாலம் போயிருந்தோம். அருவியில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் ஒரு துரையின் பங்களா முகப்பில் வரிசையாகப் பூந்தொட்டிகள். வாயிற் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சேலையோடு, குளித்துவிட்டு வந்த பெண்கள் பதினைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரே கூட்டமாக வந்தவர்கள் அல்ல. கட்டியிருந்த சேலையிலும் பேச்சிலும் நான்கைந்து சாதி தெரிந்தது. அக்கா பூவைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: “யாரும் கூப்பிடல. பூ இருந்துச்சு, நின்னாக. பாத்தியாலே?”

இப்படித்தான் அந்த வேலை ஆரம்பித்தது. பள்ளி திறப்பதற்கு முந்தின வியாழக்கிழமை மாலை எட்டுத் தாய்மாரையும் மாடிக்குப் பூப் பார்க்க அழைப்பது. பூப் பார்க்க வா என்றால் யாரும் சாதி பார்க்க வேண்டியதில்லை, யாரும் யார் வீட்டிலும் கை நனைக்க வேண்டியதில்லை. வெட்டாத இளநீரும் முழு வாழைப்பழமும் வைத்தால் போதும். வந்தவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவள் பேச வேண்டியதைப் பேசிவிடுவாள்.

எங்கள் மாடி முகப்பு தெருவைப் பார்த்து, மேற்கே மலையைப் பார்த்து இருந்தது. மரத் தரை, இரும்புக் கிராதி. மண் தொட்டிகள் கனம் என்று வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. செங்கோட்டைக்கு அப்பால் மலைத் தோட்டங்களிலிருந்து தேயிலை வரும் பலகைப் பெட்டிகள் கடைகளில் சும்மா கிடந்தன. பன்னிரண்டு வாங்கி வந்தேன். உள்ளே ஈயத் தகடு ஒட்டியிருக்கும். அதை நாங்கள் நல்லது என்று நினைத்தோம், தண்ணீர் வீணாகாது. பத்து நாளில் முளைத்த நாற்றுகள் எல்லாம் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. பெட்டியைச் சரித்தபோது அடியில் தேயிலை நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. பிறகு ஒவ்வொன்றிலும் ஆணியால் இருபது ஓட்டை போட்டு, ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, மறுபடி ஆரம்பித்தோம்.

மண் வற்றிய குளத்திலிருந்து வந்தது. ஒரு வண்டி வண்டல் பத்துப் பெட்டிக்குத்தான் போதுமாக இருந்தது. மீதி இரண்டையும் கிணற்றடித் துவைகல்லுக்குப் பக்கத்தில் இருந்த மண்ணை வெட்டி நிரப்பினேன். விதையைக் குற்றாலத்துப் பங்களாத் தோட்டக்காரர் கொடுத்தார்: சீனியா, காசித்தும்பை, இங்கே கேந்தி என்று சொல்கிற துலுக்கச் செவ்வந்தி. துவைகல் மண் போட்ட இரண்டு பெட்டிகளிலும் விதை முளைக்கவில்லை. அதற்குப் பதிலாக அந்திமந்தாரை முளைத்தது. மண்ணோடு கிழங்கும் வந்திருக்கிறது. சாக்கடை ஓரத்தில் தானாக வளர்கிற செடி. யாரும் நட்டுப் பார்த்ததில்லை, யாரும் பிடுங்குவதும் இல்லை. அக்கா பிடுங்கப் போனாள். வேறு நாற்றுக் கைவசம் இல்லாததால் விட்டுவிட்டாள். அந்த இரண்டையும் கிராதியின் கோடியில் ஒதுக்கினோம். மற்ற எதையும்விட அவைதான் அடர்ந்து வளர்ந்தன.

எட்டுப் பிள்ளைகளும் விடுமுறையில் தினமும் காலையில் தண்ணீர் ஊற்ற வந்தார்கள். அது அக்காவின் ஏற்பாடு. வீட்டோடு இருந்தால் வேலைக்குப் பழகிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. கிணற்றில் இறைத்து, மண்ணெண்ணெய் டின்னில் படியேற்றி, கையால் அள்ளித் தெளிப்பார்கள். பிற்பகல் வெயில் நேராக முகப்பில் அடிக்கும். அப்போது மூங்கில் தட்டியை இறக்கிவிடுவோம். சித்திரை முழுக்க நான் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒவ்வொரு பெட்டியின் உயரத்தையும் குறித்து வந்தேன். காசித்தும்பை ஒரே நாளில் ஒரு விரற்கடை ஏறியதை அளந்த அன்று, தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அளந்தேன். தப்பு இல்லை.

வைகாசி பிறந்த முதல் வாரத்தில் பூத்தது. முதலில் சீனியா, பிறகு எல்லாம். அக்கா ஒரு பூவையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டாள். பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. பூ என்றால் விடியற்காலையில் பறிப்பது, சாமிக்கும் தலைக்கும். செடியிலேயே விட்டு வைப்பது அவர்களுக்கு, சமைத்த சோற்றைப் பானையிலேயே விட்டு வைப்பது மாதிரி இருந்தது. எட்டு நாளில் பூக்கள் சுருங்கி விதை கட்டின. மொட்டு வருவது நின்றது.

பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவள். மகளைக் கூட்டிப்போக வந்தவள் முகப்பை ஏறிட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன டீச்சரம்மா, செடியப் பட்டினி போட்டிருக்கியளா?”

“தண்ணி ஊத்தத்தான செய்யுதோம்.”

“தண்ணி இல்ல. பறிக்கலையே! பறிக்கப் பறிக்கத்தான அது பூக்கும். பறிக்காட்டா வெத வச்சுட்டு, எஞ்சோலி முடிஞ்சுதுன்னு குத்தவச்சிரும்.”

அன்றிலிருந்து தினமும் காலையில் பிள்ளைகள் பறித்தார்கள். பிரார்த்தனை மாதிரி அது ஒரு கடமை ஆயிற்று. அவள் சொன்னது நடந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே வியப்பு. நான்கு பூ எடுத்த காம்பில் ஒன்பது மொட்டு வந்தது. எடுத்ததைச் செடி எண்ணிப் பார்த்து, கூடவே போட்டுத் திருப்பித் தந்ததுபோல் இருந்தது. கடைசி மூன்று நாள் மட்டும் பறிக்க வேண்டாம் என்று அக்கா சொன்னாள். புதன்கிழமை மாலை நான் எண்ணினேன். பத்துப் பெட்டிகளில் முந்நூற்றுப் பதினொரு பூ. தெருவில் போகிற மாட்டு வண்டிக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை காலை நான் குற்றாலத்தில் இருந்தேன். இரவு மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். சீசன் தொடங்கிய செய்தியை முதலில் தந்தி அடிப்பது என் வேலையில் முக்கியமான பகுதி. அதைப் படித்துவிட்டுத்தான் மதுரையிலும் சென்னையிலும் பெட்டி கட்டுவார்கள். பதினொரு மணிக்குப் பாறையின் உச்சியில் சருகும் பழுப்பு நுரையும் தலை காட்டின. ஒரு நிமிடம் அங்கேயே தயங்கின. பிறகு தண்ணீர் மொத்தமாக இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் கீழே நின்றிருந்த நாற்பது பேரும் பேச்சை நிறுத்தினோம். மாலை ஐந்து மணிக்குத் தந்தி ஆபீஸ் மூடிவிடும். நேரம் நிறைய இருந்தது. வழியில் சைக்கிள் பஞ்சராகி, இலஞ்சி வரை தள்ளிக்கொண்டு வந்து ஒட்டி, வீடு சேர மூன்று மணி ஆயிற்று.

மாடி ஏறினேன். முகப்பு பச்சையாக இருந்தது. பச்சை மட்டும்.

எட்டுப் பிள்ளைகளும் தரையில் வட்டமாக உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வாழையிலை. பூக்காரி மகள் கை நிற்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு முழந்தான் அண்ணாச்சி. முடிஞ்சிரும்.”

கீழே இளநீரை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“யாருட்டி பறிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல டீச்சர். நித்தம் பறிக்கதுதானே.”

“மூணு நாளாப் பறிக்கலையே.”

“அது இன்னைக்குச் சேத்துப் பறிக்கத்தான்னு நெனச்சோம்.” அரிசிக்கடைக்காரர் மகள் எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: “வாரவுகளுக்குப் பூக் குடுக்காம எப்படி அனுப்புதது? நீங்க பூ வாங்கி வைக்கல. நீங்க குடுக்கவும் மாட்டிய. அதான் நாங்களே குடுத்துருவோம்னு.”

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொன்னாள். சுமங்கலிகள் ஒரு வீட்டுக்கு வந்தால் பூக் கொடுத்து அனுப்ப வேண்டும். டீச்சர் கொடுக்க முடியாது. அதனால் தாங்கள் கொடுப்பது. டீச்சரின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறோம் என்ற நிறைவு எட்டு முகத்திலும் தெரிந்தது.

“நல்லதுதான் செஞ்சிருக்கிய,” என்றாள் அக்கா. “கட்டி முடிங்க.”

அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டபின்தான் அவள் குரல் மாறியது. “பூப் பாக்கன்னுல்லாலே கூப்பிட்டிருக்கேன். வந்து எதப் பாப்பாக? இளநியக் குடிச்சிட்டு எந்திச்சிருவாக.”

நான்கரைக்கு வரச் சொல்லியிருந்தாள். அதற்குள் தந்தியை எழுதி, எடுத்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும் என்பது என் திட்டம். பெண்கள் கூடும் இடத்தில் எனக்கு வேலை இல்லை. ஆனால் கணவாய் வழியே வந்த மேகம் அதற்குள் தென்காசிக்கு மேலே பரவிவிட்டது. மழைக்கு முன்னால் போய்விட்டு வந்துவிடுவோம் என்று தாய்மார் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். நான் நாலாவது வரி எழுதும்போது படிக்கட்டில் கொலுசுச் சத்தம். மாடிக்கு இருந்தது ஒரே படிக்கட்டு, அதுவும் முகப்பில்தான் ஏறும். அக்கா ஓடிப்போனாள். நான் அறைக்குள் அகப்பட்டுக்கொண்டேன்.

அறைக்கும் முகப்புக்கும் நடுவில் சாய்வான மரச் சட்டங்கள் வைத்த ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது கோடியில் இருந்த இரண்டு பெட்டிகளும், பாயில் உட்கார்ந்தவர்களின் முதுகும்தான். முகங்கள் தெரியவில்லை. குரல்களை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். ஏழு பேர் வந்திருந்தார்கள். பூக்காரிக்கு அது விற்பனை நேரம்.

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பூவும் சந்தனமும் கொடுத்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் மனைவி வெள்ளைத் துப்பட்டியை விலக்கிப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டதை ஒரு கையசைவாகப் பார்த்தேன். அரிசிக்கடை அம்மாளின் கனத்த குரல்தான் முதலில் கேட்டது.

“பூப் பாக்க வாங்கன்னு சொல்லியனுப்பினிய. பூவெல்லாம் எங்க தலையிலல்லா இருக்கு டீச்சரம்மா!”

“ஆளுக்கு ஆள் பொறத்தால திரும்பி உக்காந்துக்கிடுவோம். பாத்த மாதிரி ஆச்சு,” என்றாள் தபால்காரர் மனைவி.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் சிரிப்பில் இருந்த வறட்சி எனக்கு மட்டும் கேட்டிருக்கும். அரிவாள் இளநீரைச் சீவும் சத்தம். வெயில், வரப்போகும் மழை, மாங்காய் விலை. அக்கா இரண்டு முறை “பிள்ளைக படிப்பு விஷயமா” என்று ஆரம்பித்தாள். இரண்டு முறையும் யாரோ ஒருத்தி “அதுக்கென்ன, பேசிக்கிடலாம்” என்று அதைப் பாயில் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள். பத்து நிமிடம் ஆகியிருக்காது. வளையல்கள் சத்தமிட்டன, எழுந்திருக்கப் போகும் சத்தம். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

“அங்கன என்னமோ அசையுது பாருங்க,” என்றது ஜவுளிக்கடை அம்மாளின் தாழ்ந்த குரல். “பல்லியா?”

“எங்கன?”

“அந்த மூலப் பெட்டியில.”

பல்லி இல்லை. எனக்கு அது நேர் எதிரே, இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. அந்திமந்தாரையின் மொட்டு மடக்கிய குடையைப் போல் நீளமாக, ஒரு பக்கமாக முறுக்கியிருக்கும். அதில் ஒன்று நடுங்கியது. காற்று இல்லை, பக்கத்து இலை அசையவில்லை. மறுபடி நடுங்கியது. முறுக்கின் ஓரம் ஒன்று மெல்ல நழுவி விடுபட்டது. பிறகு சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, நான் கண் இமைத்ததற்கு முன்னும் பின்னும் அது வேறாக இருந்தது: வாய் ஐந்து முனையாகப் பிரிந்திருந்தது. உள்ளே சுருட்டி வைத்திருந்த சிவப்பு நூல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, நுனியில் மஞ்சள் பொட்டோடு வெளியே வந்தன.

“யாத்தே,” என்றாள் தபால்காரர் மனைவி.

யாரும் எழுந்திருக்கவில்லை. பாய் என் பக்கமாக இழுபட்டது. ஏழு பேரும் இரண்டு பெட்டிகளையும் நெருங்கி உட்கார்ந்தார்கள். இப்போது எனக்கு முதுகுகள் மட்டுமல்ல, கன்னங்களும் தெரிந்தன. இரண்டாவது மொட்டு, மூன்றாவது. மேகத்தால் வெளிச்சம் குறைந்து, காற்று குளிர்ந்திருந்தது. வழக்கமாக வெயில் தாழ்ந்தபின் செய்கிற வேலையைச் செடி அன்று முன்னதாகவே எடுத்துக்கொண்டது.

“சவம், நித்தம் எங்க வீட்டுக்குப் பின்னாலதான் கெடக்கு,” என்றாள் அரிசிக்கடை அம்மாள். அவள் குரல் பாதியாக இறங்கியிருந்தது. “மத்தியானம் மூடியிருக்கும், பொழுதடைய விரிஞ்சிருக்கும். விரியதப் பாத்தேனா? நாப்பது வயசாகுது. ஒருநாள்கூடப் பாக்கலையே.”

அவள் சொன்னது என் விஷயத்திலும் உண்மை. பார்ப்பதுதான் என் தொழில் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். விரிந்த பூவை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். விரிகிற பூவை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு பந்தயம் ஆரம்பித்தது. அந்திமந்தாரையில் ஒரே செடியில் மஞ்சளும் வரும், ரோஜா நிறமும் வரும், இரண்டும் கலந்து கோடு போட்டதும் வரும்.

“இது மஞ்ச. நான் சொல்லுதேன்.”

“ஏ இவளே, பக்கத்துல உள்ளதப் பாத்துச் சொல்லுதா. இது செவப்புத்தான்.”

“செவப்பா இருந்தா ஒம் மகளுக்கு எம் மவனக் குடுக்கேன்.”

“ஒம் மவன் மூக்க மொத ஒழுகாம நிறுத்து.”

அந்த மொட்டு விரிந்தது. பாதி மஞ்சள், பாதி சிவப்பு. சிரிப்பில் மரத் தரை அதிர்ந்தது. சாரல் விழ ஆரம்பித்திருந்தது. யாரும் நகரவில்லை. வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாலே முக்காலுக்கு இருபத்தெட்டு. ஐந்து மணிக்கு அறுபது. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. ஒன்றைப் பார்க்கும்போது ஐந்து திறந்தன. ஒரு கட்டத்தில் பேச்சு முழுவதும் நின்றது. காலையில் அருவியடியில் நாற்பது பேர் நின்றோமே, அதே அமைதி. அங்கே அமைதிக்குக் காரணம் சத்தம். இங்கே ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியில்தான் அரிசிக்கடை அம்மாள் இலைகளுக்கு நடுவே தெருவைப் பார்த்தாள்.

“இங்கன இருந்தா தெரு முழுக்கத் தெரியுது. நாம கீழ தெரிவோமா?”

“செடி மறைக்குமே,” என்றாள் ஒருத்தி.

“நீ சும்மா சொல்லாத. இறங்கிப்போய்ப் பாரு.”

தபால்காரர் மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். மேலேயிருந்து அரிசிக்கடை அம்மாள் கூப்பிட்டாள்: “ஏ, தெரியுதோமா?”

தெருவிலிருந்து பதில் வந்தது: “செடிதான் தெரியுது! பேசுதது யாரு, பெட்டியா?”

அரிசிக்கடை அம்மாள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். “ஆறாங்கிளாச இங்கனயா வைக்கப் போறிய?”

ஆறாம் வகுப்புக்குக் கீழே, தெருத் திண்ணையை ஒட்டிய அறையைத்தான் ஒதுக்கியிருந்தோம். பெஞ்சுகூடப் போட்டாயிற்று. அக்கா ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை.

“ஆமா,” என்றாள். “இங்கனதான்.”

அந்த நிமிடம் வரை எனக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

கேள்விகள் அதற்குப் பிறகுதான் வந்தன. இத்தனை மாதமாகத் தகப்பன்மாரிடம் போய், “வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்” என்று திரும்பி வந்த கேள்விகள் இவைதான். வாத்தியார் யாரும் மேலே வருவாரா? வரமாட்டார். போகிற வழியில் கடைத்தெருவைக் கடக்க வேண்டுமா? வேண்டாம், பின் சந்து வழியாகக் கதவு இருக்கிறது. நடுவில் பிள்ளை பெரியவளாகிவிட்டால்?

“பதினாறு நாள் கழிச்சு வரட்டும். விட்டுப்போன பாடத்த நான் தனியாச் சொல்லிக்குடுக்கேன்,” என்றாள் அக்கா. அவள் குரலில் இப்போது வறட்சி இல்லை. வகுப்பில் பேசுகிற குரல்.

“எங்க வீட்டுல அவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்,” என்றாள் ஜவுளிக்கடை அம்மாள். “தெருவுக்குத் தெரியாதுன்னா அவுகளுக்குச் சம்மதந்தான்.”

அரிசிக்கடை அம்மாள் சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. அவள் மகளைக் கூப்பிட்டு, “மழைக்கு எங்கட்டி உக்காருவிய? தட்டி ஒழுகுமே. அப்பாட்டச் சொல்லி ரெண்டு தார்ப்பாய் வாங்கணும்” என்றாள். மற்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஐந்தரைக்குப் பூக்காரி கூடையோடு படியேறி வந்தாள், மகளைக் கூட்டிப்போக. மழையில் வியாபாரம் இல்லை. பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“என்ன, அந்திமந்தாரைக்கா இவ்வளவு கூட்டம்? இத நான் தொடுததே இல்லையே. நாரு புடிக்காது, அரை நாழியில வாடிரும்.”

“நீ வாயப் பொத்திக்கிட்டு உக்காரு,” என்றாள் அரிசிக்கடை அம்மாள். அவள் உட்கார்ந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் பூக்காரி தலையை ஆட்டினாள். “நான் மாட்டேன்னு சொல்லல டீச்சரம்மா. இவ கை இல்லன்னா எனக்குச் சாயங்காலப் பூ ஓடாது. ரெண்டு மணியிலருந்து கட்டினாத்தான் கோயிலுக்கு ஆகும். நீங்க நாலரை வரைக்கும் வச்சிருப்பிய.”

எட்டாவது பிள்ளை அந்த மகள்தான். ஏழு வீட்டுச் சம்மதமும் அவளுடைய இரண்டு கையில் வந்து நின்றது.

“பூவ இங்க குடுத்தனுப்பு,” என்றாள் அக்கா. “கட்டிக்கிட்டே கேக்கட்டும். எனக்கு அவ காது போதும்.”

பூக்காரி கேட்டாள்: “எழுதுததுக்கு?”

“காலம்பற எழுதுவா.”

“பாடம் சொல்லும்போது பூ வாசம் வந்தா ஒங்களுக்கு…” பூக்காரி முடிக்காமல் நிறுத்தினாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. அனுப்பு,” என்றாள் அக்கா.

எல்லாரும் எழுந்தார்கள். அப்போது தபால்காரர் மனைவி ஜன்னல் பக்கமாகத் திரும்பாமலே சொன்னாள்: “டீச்சரம்மா, உள்ள இருக்க தம்பியையும் தொறந்து விட்டிருங்க. ரெண்டு தும்மல் கேட்டாச்சு. மூணாவத அடக்குதாவ போல.”

சிரிப்பு படிக்கட்டு வரை தொடர்ந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தபோது கடைசிக் கொலுசு இறங்கிக்கொண்டிருந்தது. மணி ஆறாகப் பத்து நிமிடம். தந்தி என் சட்டைப் பையில் நாலாவது வரியோடு இருந்தது. மறுநாள் வேறு பத்திரிகையில் அருவிச் செய்தி முதலில் வந்தது. எங்கள் ஆசிரியர் ஒரு கார்டு எழுதினார்: “தண்ணீர் விழுந்தபோது தாங்கள் எங்கே இருந்தீர்கள்?” அங்கேதான் இருந்தேன் என்று பதில் எழுதினேன். மீதியை எழுதவில்லை. ஒரு சாக்கடையோரச் செடி பூத்ததைச் செய்தி என்று எந்த ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

அக்கா கிராதியோரம் நின்றிருந்தாள். வாழையிலையில் ஒரு முழம் மீந்திருந்தது. அதை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கோடிப் பெட்டியின் ஆணியில் மாட்டிவிட்டுச் சந்தனக் கிண்ணங்களைக் கழுவப் போனாள். நான் பெட்டிகளின் முன் உட்கார்ந்தேன். இரண்டிலும் சேர்த்து இருநூறுக்கு மேல் இருக்கும். இன்னும் சில முறுக்கிக்கொண்டிருந்தன. மலை மேகத்துக்குள் இருந்தது. நான் அசையவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதிவேட்டில் ஏழு பெயர். சாரல் விடாமல் பெய்தது. அக்கா எட்டாவது வரியை எண் மட்டும் போட்டு விட்டிருந்தாள். பதினொரு மணிக்குப் பின் சந்துக் கதவு திறந்தது. பூக்காரி மகள் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே படியேறினாள். ஒரு கையில் சிலேட்டு, இடுப்பில் பிச்சிப்பூக் கூடை, பல்லிடுக்கில் நார். வாயைத் திறக்க முடியாததால் கையைத் தூக்கித் தான் வந்துவிட்டதைத் தெரிவித்தாள்.

அக்கா பேனாவை எடுத்து அவள் பெயரை அழுத்தி எழுதினாள். அவள் எழுதிய எட்டுப் பெயர்களில் அந்த ஒன்றில் மட்டும் மை சற்று அதிகமாக ஊறியிருக்கும்.